காய்ச்சல் அட்டையில் எழுதப்படும் பொய்

மருத்துவமனையில் நோயுற்றோரைக் காணச் செல்லும் நம்மவர், கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்குவதைக் கண்டிருப்பர். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம் ஆகியவை அதில் வேளை தவறாமல் குறிக்கப்பட்டிருக்கும். மருத்துவர் வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னரே அந்த அட்டையைக் கையில் எடுக்கிறார். அதிலுள்ள எண்களை நம்பியே மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அவ்வெண்களுள் ஒன்று எவராலும் அளக்கப்படாமலே எழுதப்பட்டதாயின் என்னாகும்?

தேர்வில் பார்த்தெழுதுதல் என்றதும் நம் நினைவுக்கு வருவது துண்டுச் சீட்டும், அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கும் கண்களுமே. அதனால் கெடுவது மதிப்பெண் ஒன்றுதான் என்று பெற்றோர் பலர் எண்ணியிருக்கின்றனர். வரலாற்றுப் பாடத்தில் ஒருவன் பார்த்தெழுதினால், அக்பர் ஆண்ட காலம் அவனுக்குத் தெரியாமற்போகும், அவ்வளவே. செவிலிப் பயிற்சியில் நிலை வேறு. அங்கே வகுப்பறையும் வார்டும் ஒரே பள்ளியின் இரு அறைகள். முதல் அறையில் பழகிய கை, இரண்டாம் அறைக்குள் நுழையும்போது வெளியே நின்றுவிடுவதில்லை.

இது நமது ஊகமன்று. அமெரிக்க நாட்டில் 1985ஆம் ஆண்டிலேயே ஹில்பர்ட் என்னும் ஆய்வாளர், செவிலி மாணவியர் வகுப்பில் செய்யும் முறைகேட்டையும் நோயாளியிடத்தில் செய்யும் முறைகேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவ்விரண்டும் தொடர்புடையவை என்று எழுதினார். 2014இல் குரூகர் என்பவர், அந்நாட்டின் இரு செவிலிப் பயிற்சிக் கல்லூரிகளைச் சேர்ந்த 336 மாணவரிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார். வகுப்பறையில் ஏதேனும் ஒருவகையில் முறைகேடு செய்ததாக 64.7 விழுக்காட்டினர் தாமாகவே ஒப்புக்கொண்டனர். நோயாளியைப் பேணும் இடத்திலும் செய்ததாக 54 விழுக்காட்டினர் கூறினர். இரண்டே கல்லூரிகளின் கணக்கை வைத்து உலகிலுள்ள எல்லாச் செவிலியர்க்கும் தீர்ப்பெழுதுவது அறமாகாது. ஆயினும் பாதிப்பேருக்கு மேல் என்பது நம்மைச் சற்று நிமிர்ந்து உட்காரச் செய்யும் எண் அன்றோ?

ஒரு நிமிடத்தின் விலை

வார்டில் நிகழும் பொய் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விளக்கமாகவே காண்போம். வெளியாருக்கு அது கண்ணில் படுவதேயில்லை.

மூச்சை எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இதனை எண்ணக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. கடிகாரமும் கண்ணும் போதும். ஆனால் எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் நோயாளி தம்மையறியாமலே மூச்சின் போக்கை மாற்றிக்கொள்வார். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே, மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் உற்றுநோக்க வேண்டும். பயிற்சியின் முதல் மாதங்களிலேயே கற்பிக்கப்படும் பாடம் இது.

முப்பது கட்டில்கள் உள்ள வார்டில் இதற்கே அரைமணி நேரம் வேண்டும். இரவுப் பணியில் ஒரே ஒரு மாணவி. இரண்டு குளுக்கோஸ் பாட்டில்கள் தீரும் தறுவாயில் உள்ளன. மூலைக் கட்டிலில் ஒரு முதியவர் வாந்தியெடுக்கிறார். அப்போது பேனா தானாகவே 18 என்றோ 20 என்றோ எழுதிக்கொண்டு போகிறது. ஒரே வார்டில் அத்தனை பேரும் ஒரே கதியில் மூச்சு விடுகிறார்கள்! பல நாடுகளிலும் இதனை ஆராய்ந்தவர்கள், மற்ற அளவுகளைவிட அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது மூச்சின் எண்ணிக்கையே என்று கண்டிருக்கின்றனர். அதுவோ நோய் முற்றுவதை முந்தி அறிவிக்கும் அடையாளம். நுரையீரலில் சீழ் கட்டத் தொடங்கும்போதும், இரத்தத்தில் நச்சு பரவும்போதும், பலருக்கு இரத்த அழுத்தம் வீழ்வதற்கு முன்னரே மூச்சு விரைகிறது. 28 என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் 20 என்று எழுதப்பட்டால், அறையில் ஒலிக்க வேண்டிய மணியின் நாக்கைக் கட்டிவிட்டோம் என்பதே பொருள்.

கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் அடுத்து வருபவர், “பத்து மணிக்கு ஏன் பார்க்கவில்லை?” என்று கேட்டு உடனே பார்த்திருப்பார். நிரப்பப்பட்ட கட்டமோ அவரது கண்ணை மூடிவிடுகிறது. செய்யாமல் விட்டது ஒரு குறை. செய்ததாக எழுதியதால், அக்குறையைத் திருத்தும் வழியும் அடைபட்டது. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையை நீதிமன்றக் கூண்டோடு மட்டும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கையொப்பமிடப்பட்ட ஓர் அட்டையும் சாட்சியமே.

பிரசவ அறையிலும் இதே கதைதான். தாய் வலியெடுத்துக் கிடக்கும்போது, கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பை அரைமணிக்கு ஒருமுறையேனும் கேட்டு, பிரசவத்தின் போக்கை ஒரு வரைபடத்தில் புள்ளியிட்டு வரவேண்டும். கோடு எல்லை தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். குழந்தை பிறந்து, தாயும் வார்டுக்குச் சென்றபின், ஆறு மணி நேரத்துப் புள்ளிகளையும் ஒரே மூச்சில் இட்டு முடிக்கும் பழக்கம் பல நாட்டு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. எல்லாம் முடிந்தபின் வரையும் எச்சரிக்கைப் படத்தால் யாருக்கு எச்சரிக்கை?

மாணவியரின் ஏடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை பிரசவம் பார்த்தேன், இத்தனை ஊசி போட்டேன், இத்தனை நோயாளிக்குப் பராமரிப்புத் திட்டம் தீட்டினேன் என்று எழுதி, ஆசிரியையின் கையொப்பம் பெற்றால்தான் தேர்வெழுத முடியும். மாணவியர் எண்ணிக்கை மிகுந்து நோயாளிகள் குறைந்த இடங்களில், ஒரே பிரசவம் பல ஏடுகளில் பலமுறை நிகழ்ந்துவிடும் சோதனை எழுகிறது. மூத்த மாணவியின் ஏடு இளையவளுக்குச் சீதனம்போல் கைமாறுகிறது. இப்போதோ கணினியிடம் நோயின் பெயரைச் சொன்னால் போதும். அழகான பராமரிப்புத் திட்டம் ஒன்றை அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது. அதில் பிழை இராமலும் போகலாம். ஆனால் அந்த நோயாளியும் அதில் இரார்: இடது கை வழங்காதவர் என்பதோ, இரவில் எழுந்து நடக்கும் பழக்கமுள்ளவர் என்பதோ கணினிக்குத் தெரியாது. நூறு முறை கண்டறிந்து எழுதிப் பழகிய கண்தான் நூற்றோராவது நோயாளியின் உதடு நீலம் பாய்வதைக் காணும்.

பிலிப்பைன்ஸ் தந்த பாடம்

இனி ஒரு நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சியைக் கூறுவோம். ஆசியாவில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து செவிலியர் உலகெங்கும் செல்கின்றனர். மகள் ஒருத்தி அமெரிக்காவிலோ சவூதி அரேபியாவிலோ வேலைக்குச் சென்றால், அவள் அனுப்பும் பணத்தில் தம்பிமார் படிப்பர். வீட்டுக்குக் கூரை ஏறும். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது புதிய செய்தியன்று.

2006ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நாட்டில் செவிலியர் உரிமத் தேர்வு நடைபெற்றது. ஏறத்தாழ 42,000 பேர் எழுதினர்; 17,000க்கும் மேற்பட்டோர் தேறினர். ஐந்து தாள்களுள் மூன்றாம் தாளிலும் ஐந்தாம் தாளிலும் கேட்கப்பட்ட வினாக்கள், தேர்வுக்கு முன்னரே சில தனிப் பயிற்சி நிலையங்களில் மாணவர் கைக்கு எட்டியிருந்தன. தேர்வுக் குழுவினர் இருவர் அமைத்த வினாக்களே அவ்வாறு வெளியேறியிருந்தன. வேலியே பயிரை மேய்ந்தது.

இதனை முதலில் வெளியிட்டவர் யார்? காவல்துறை அன்று, பத்திரிகையும் அன்று. பாகியோ என்னும் மலைநகரத்தில் தேர்வெழுதிய செவிலிப் பட்டதாரிகள் சிலரே துணிந்து முறையிட்டனர். தேர்வு செல்லாது என்றாகிவிட்டால் தாமும் மீண்டும் எழுத நேரிடும் என்பதை அறிந்தே முறையிட்டனர். உடன் எழுதியோர் சிலர் அவர்களை எப்படி நோக்கியிருப்பர் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அதிகாரிகள் என்ன செய்தனர்? கசிந்த வினாக்களைக் கணக்கில் கொள்ளாமல் மதிப்பெண்களை மறுபடி கூட்டிக் கழித்து, காயத்தின்மேல் துணி போர்த்துவதுபோல் முடிவை வெளியிட்டு, தேறியவர்க்கு உறுதிமொழி செய்துவைக்கவும் முனைந்தனர். டொமினிக்கன் குருக்கள் 1611இல் நிறுவிய மணிலா புனித தோமா பல்கலைக்கழகத்தின் செவிலிக் கல்லூரி ஆசிரியர்கள் இதனை ஏற்கவில்லை, வழக்குத் தொடர்ந்தனர். முறையீட்டு நீதிமன்றம் உறுதிமொழியை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு அக்டோபரில், மறுகணக்கினால் மட்டுமே தேறியிருந்த 1,687 பேர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மற்றவர்க்கு உரிமம் வழங்கலாம் என்றது. தொல்லை நீங்கிற்று என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்திருக்கும்.

நீங்கவில்லை. 2007 பிப்ரவரியில், அயல்நாட்டுச் செவிலியரின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2006 ஜூன் தேர்வில் தேறிய பிலிப்பைன்ஸ் செவிலியர் எவருக்கும், மூன்றாம் ஐந்தாம் தாள்களுக்கு இணையான தேர்வை எழுதித் தேறினாலன்றி, விசாவுக்கு வேண்டிய சான்றிதழ் வழங்குவதற்கில்லை என்றது. சொந்த நாட்டு நீதிமன்றம் ஏற்றதை அயல்நாடு ஏற்க மறுத்தது. முன்கூட்டி வினாக்களைக் கண்டவர் யார், காணாதவர் யார் என்று வெளியிலிருந்து பிரித்தறிய எவராலும் இயலவில்லை. ஆகவே விளக்கின்கீழ் விடிய விடியப் படித்துத் தேறியவளும், பணம் கொடுத்து வினாத்தாள் பெற்றவளும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். 2007 ஜூனில் குற்றமற்ற பல்லாயிரவர் முன்னே மறுதேர்வு மேசை மீண்டும் போடப்பட்டது.

தேர்வில் ஒருவர் செய்யும் முறைகேடு பிறருக்கு எந்தக் கேடும் விளைப்பதில்லை என்று வாதிடுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். சான்றிதழ் என்பது தனியொருவர் வாங்கி வைத்துக்கொள்ளும் பண்டமன்று. ஓர் ஆண்டில் தேறியோர் அனைவரும் சேர்ந்து உண்ணும் பானைச் சோறு அது. ஒரு பிடி மண் விழுந்தால் பானை முழுவதும் கெடும்.

கடைச்சரக்கான பட்டயம்

அமெரிக்காவே இத்துறையில் மாசற்றது என்று எண்ணிவிட வேண்டாம். 2023 ஜனவரியில், ஃபுளோரிடா மாநிலத்தின் மூன்று செவிலிப் பள்ளிகளிலிருந்து போலிப் பட்டயங்கள் விற்கப்பட்டன என்று அந்நாட்டு அரசு 25 பேர்மீது குற்றஞ்சாட்டியது. 7,600க்கும் மேற்பட்ட பட்டயங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 முதல் 15,000 டாலர் வரை. அப்பள்ளிகளுள் ஒன்றின் பெயரில் திரு இருதயமும், மற்றொன்றின் பெயரில் சியன்னாவும் இருந்தன! பெயரைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் நம்மவர்க்கு இது ஓர் எச்சரிக்கை. மூன்றும் பின்னர் மூடப்பட்டன.

இதில் ஒரு விந்தை உண்டு. அப்பட்டயங்களை வாங்கியவர்களுள் ஏறத்தாழ 2,400 பேர், நாடு முழுவதற்குமான உரிமத் தேர்வை எழுதித் தேறிவிட்டனர். தேறியவர்க்கு அறிவு இருக்கத்தானே செய்கிறது, பின் குற்றமென்ன என்று கேட்கத் தோன்றும். அவர்களால் நோயாளிகள் தீங்குற்றதாகச் சான்று கிடைக்கவில்லை என்று விசாரணைத் துறையினரும் அப்போது கூறினர். நமக்குத் தோன்றும் விடை இது: தாள் தேர்வு தலையைச் சோதிக்கிறது, கையைச் சோதிப்பதில்லை. பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, உயிருள்ள நோயாளியின் அருகே நூற்றுக்கணக்கான மணி நேரம் நின்று பழகுவதையே பட்டயம் உறுதி கூறுகிறது. நீச்சலைப் பற்றிய தேர்வில் நூற்றுக்கு நூறு பெற்றவரை நம்பிக் குழந்தையை ஆற்றில் விடுவோமா?

நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசச் செவிலிக் கல்லூரிகளின் சீர்கேடு உயர்நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறையினர் 308 கல்லூரிகளைச் சோதித்து அளித்த அறிக்கையில் 169 மட்டுமே தகுதியுடையவை எனப்பட்டன, 74இல் குறைபாடுகள், 65 தகுதியற்றவை. 2024 மே மாதத்தில், நற்சான்று தரக் கல்லூரியாரிடம் கையூட்டுப் பெற்றதாக, சோதிக்கச் சென்ற அதிகாரிகளையே அத்துறை கைது செய்தது. அந்த 169ஐயும் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே தேர்வு எழுத முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஏழை மாணவியரை எண்ணினால் நெஞ்சு பொறுக்கவில்லை. கல்லூரியே பொய்க்கணக்கு எழுதும் இடத்தில், மாணவியிடம் மட்டும் மெய்க்கணக்கை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

ஏன் செய்கிறார்கள்?

இவர்கள் கெட்ட பெண்கள் அல்லர் என்பதே நம் துணிபு. விளக்கேற்று விழாவில் வெள்ளுடையணிந்து, கையில் சுடரேந்தி உறுதிமொழி கூறும்போது கண்ணீர் மல்கும் அதே பிள்ளைகள்தாம். பிறகு நடப்பதென்ன? வட்டிக்கு வாங்கிய கட்டணம் தலைமேல் இருக்கிறது. ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டு போயிற்று. பள்ளியில் தமிழில் படித்தவள், உடற்கூற்றுப் பாடத்தை ஆங்கிலத்தில் விழுங்க வேண்டியிருக்கிறது. ஆள் பற்றாத வார்டில் மாணவியே சம்பளமில்லாத ஊழியராகிவிடுகிறாள். இவற்றையெல்லாம்விடக் கொடியது அச்சம். “ஐயோ, பத்து மணி மருந்தைக் கொடுக்க மறந்துவிட்டேன், சிஸ்டர்” என்று உண்மை சொன்னவளுக்கு வார்டின் நடுவில் வசைமாரி. சொல்லாமல் எழுதி மறைத்தவளுக்கு, “வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டாள்” என்ற பாராட்டு. இந்தப் பாடத்தை எந்தப் பிள்ளையும் இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

ஆகவே தண்டனையைக் கூட்டினால் மட்டும் இத்தீமை ஒழியும் என்று நாம் நம்பவில்லை. பல்லாண்டு செவிலியரைப் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற கன்னியர் ஒருவர் தம் வழக்கத்தை நம்மிடம் விவரித்தார். அட்டையில் 20, 20, 20 என்று வரிசையாகக் கண்டால் அவர் சினந்து பேசுவதில்லை. “வாம்மா, நாம் இருவரும் சேர்ந்து எண்ணுவோம்” என்று மாணவியைக் கட்டிலருகே அழைத்துச் சென்று, கடிகாரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு முழு நிமிடமும் உடன் நிற்பாராம். மூன்றாம் கட்டிலில் மாணவியே, “சிஸ்டர், நான் முன்பு எண்ணவில்லை” என்று கூறிவிடுவாளாம். அதன்பின் அவளுக்குத் தண்டனை இல்லை. எஞ்சிய இருபத்தேழு கட்டில்களையும் எண்ணி முடிக்கும் வேலை மட்டும் உண்டு.

தவறியதை எழுதும் முறை ஒன்றும் செவிலியர் மரபில் உள்ளது. பத்து மணிக்குப் பார்க்க வேண்டியதைப் பதினொன்றரைக்குப் பார்த்தால் பதினொன்றரை என்றே குறிக்க வேண்டும். எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் சுரண்டவோ, வெள்ளை பூசி மறைக்கவோ கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக்கோடு இழுத்து, சரியானதை அருகில் எழுதி, கையொப்பமும் நேரமும் இடவேண்டும். கொடுக்காத மருந்துக்குக் கொடுக்கவில்லை என்றே எழுதிக் காரணத்தையும் குறிக்க வேண்டும்.

பெற்றோர்க்கும் சில சொற்கள். விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசும் மகளிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது. இந்த வாரம் எந்த நோயாளியைப் பார்த்தாய், அவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அவளுக்கு ஏதும் இல்லையென்றால், குறை அவளிடமா கல்லூரியிடமா என்பதை விசாரிக்க நேரம் வந்துவிட்டது.

பிள்ளையைச் சேர்க்குமுன்னரே செய்ய வேண்டியதும் உண்டு. கல்லூரிக்கு இந்தியச் செவிலியர் மன்றத்தின் ஏற்பும் மாநில மன்றத்தின் ஏற்பும் உள்ளனவா என்று பாருங்கள். நுழைவாயில் வளைவையும் சிற்றுந்துகளையும் கண்டு மயங்காமல், பயிற்சிக்குரிய மருத்துவமனை எது என்று கேட்டு, ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு அவ்விடத்திற்கே நேரில் செல்லுங்கள். கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா, மாணவியரோடு ஆசிரியை ஒருவர் நிற்கிறாரா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அதன்பின் கட்டணத்தைக் கட்டுங்கள்.